ஜப்பான் புத்தகத்தில் விழுந்து கிடந்தவன்

என் இடது காதில் ஒரு சத்தம் இருக்கிறது. சில்வண்டு கத்துவது போல, ஆனால் இடைவெளி விடாமல் கத்துவது. மற்றவர்களுக்குக் கேட்காது. ஆஸ்பத்திரி திருப்பிக் கொடுத்த உயிரோடு இதுவும் சேர்ந்து வந்தது. வேலையும் பேச்சுமாக இருக்கும்போது மறந்துபோவேன். வீடு அமைதியானதும் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எனக்குக் காசநோய் வந்து குணமானது என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் கோபமில்லை. அந்த நோய்க்குள் இருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் எனக்கு ஆயா வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிற வழியில் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சேலைத் துணியில் தொட்டில் கட்டி வரிசையாக ஆட்டுவோம். பார்வதியின் மகள் குமுதா மட்டும் தொட்டிலில் தூங்க மாட்டாள். தோளில் போட்டு, அவள் மூக்கு என் கழுத்தில் படும்படி வைத்துக்கொண்டு நடந்தால்தான் கண் மூடுவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தச் சின்ன மூச்சு கழுத்தில் படுவது எனக்கும் பிடித்திருந்தது.

மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் மருந்து தந்தார். குடித்து முடித்தேன், இருமல் நிற்கவில்லை. விடியும்போது உடம்பெல்லாம் வியர்த்து பாய் நனைந்திருக்கும். சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் துவாலையில் சளியோடு சிவப்பாக ஒரு நூல் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உலையில் வைத்த அரிசியை இறக்கி வைத்தாள். "கெளம்பு ரெஜினா, பதுளைக்குப் போவோம்," என்றாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எனக்கும் காட்டினார். வலது நுரையீரலின் மேல்பக்கம் பனி இறங்கியது போல வெள்ளையாக இருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். கிருமி தின்றுவிட்ட இடம் அது, ஒரு குழி என்றார். பிறகு சளியைக் கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடி போன்ற கருவியில் பார்த்தார்கள். சளியில் கிருமி தெரிந்தால், இருமும்போது அது காற்றிலும் போகிறது என்று அர்த்தம். என் சளியில் தெரிந்தது.

"நீர் என்ன வேலை செய்யிறனீர்?" என்று டாக்டர் கேட்டார்.

"பிள்ளைக்காம்பராவுல ஆயாங்க."

எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "கைக்குழந்தையளோ?"

"ஆமாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பிள்ளையள் எல்லாரையும் பாக்கவேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். எனக்கு அந்த நிமிடத்தில் என் நெஞ்சுக் குழி மறந்துபோனது. கழுத்துதான் சுட்டது.

நெஞ்சு நோய்க்காரர்களின் வார்டு மற்றவற்றிலிருந்து தள்ளி இருந்தது. காற்று வேண்டுமென்று ஜன்னல்களை எந்நேரமும் திறந்து வைத்திருப்பார்கள். கட்டிலில் படுத்தபடியே நமுனுகுல மலை தெரியும். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அதோடு கைநிறைய மாத்திரை. ஊசி போட்ட பக்கம் மரத்துப்போகும், மறுநாள் மறுபக்கம். இரவுகளில் வார்டு முழுவதும் ஒருவர் விட்டு ஒருவர் இருமுவோம். ஒரு கட்டிலில் சத்தம் வராவிட்டால் அந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

என் பக்கத்துக் கட்டிலில் ஜெமீலா ராத்தா. முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய கணவர் பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருந்தார். நோயில் எனக்கு மூத்தவர் அவர். ஒருமுறை குணமாகி வீட்டுக்குப் போய், திரும்பவும் வந்து படுத்திருந்தார். "பயப்படாத புள்ள," என்றார் முதல்நாள். "மூக்குத்தான் மொதல்ல பழகும். பொறகு மத்ததெல்லாம் பழகும்."

அம்மா வாரந்தோறும் பஸ் பிடித்து வருவாள். அவித்த முட்டையும் தேங்காய் எண்ணெயும் கொண்டு வருவாள். எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிட்டுப் போவாள். லயத்து வரிசை வீடுகளில் யாரும் எங்கள் வாசல் பக்கம் வருவதில்லை என்பதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. தம்பி அந்தோணி வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் தலை வாரிக்கொண்டே அம்மா சொன்னாள். "பிள்ளைங்களுக்கு எல்லாம் கையில ஊசி போட்டுப் பாத்தாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுக."

அவள் விரல் என் தலையில் ஒரே இடத்தில் நின்றது.

"எல்லாம்னா, எல்லா பிள்ளையுமா?"

"பார்வதி புள்ளைக்குத்தான் கை வீங்கிருச்சு."

தோலுக்கு அடியில் ஒரு துளி மருந்தை ஏற்றி, சில நாள் கழித்து அந்த இடம் தடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. தடித்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது. குமுதாவுக்கு நெஞ்சுக்குள் நெறியும் கட்டியிருந்தது. நீண்ட காலம் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பார்வதி என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலடி," என்றாள் அம்மா. அதைவிட மோசமான பதில் எனக்குத் தெரியாது.

அந்தப் புத்தகம் வந்தது இதற்குப் பிறகுதான். அந்தோணி எல்ல என்னும் ஊரில் வெளிநாட்டவர் தங்கும் ஒரு விடுதியில் வேலை செய்தான். அங்கே தங்கிய ஒரு ஜப்பான்காரர் விட்டுப்போன படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். செங்கல் போலத் தடிப்பு, மட்டமான தாள், கறுப்பு வெள்ளைப் படங்கள். "படிக்கத் தெரியாட்டி என்னக்கா, படம் பாருங்க," என்றான். இப்படிப்பட்ட புத்தகங்களை மங்கா என்பார்கள் என்பதெல்லாம் பல வருடம் கழித்து எனக்குத் தெரிந்த சங்கதி.

நானும் ராத்தாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். முதல் பக்கத்திலேயே ஒரு பையன் ஓட்டப் பாதையில் முகம் குப்புற விழுந்து கிடந்தான். கண் மட்டும் திறந்திருந்தது. பக்கங்கள் போகப் போக அவன் எழுந்தான், ஓடினான், பின்தங்கினான், வீட்டுக்குப் போனான். ஒன்றும் பொருந்தவில்லை. ஓரிடத்தில் காலில் கட்டோடு இருந்தான். அடுத்த பக்கத்தில் கட்டு இல்லை, அதற்கும் அடுத்த பக்கத்தில்தான் ஆணி குத்தியது.

ராத்தா புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நாங்க தலைகீழா வந்துட்டிருக்கம் புள்ள. இது வலப்பக்கத்தால தொறக்கிற பொத்தகம். நாங்க கிதாபு ஓதுறதும் அந்தப் பக்கத்தாலதான்."

சரியான பக்கத்திலிருந்து தொடங்கியதும் கதை விளங்கியது. சப்பை மூக்கும் குத்திட்ட முடியுமாக ஒரு கிராமத்துப் பையன். பள்ளிக்கூட ஓட்டத்தில் ஜெயிக்கிறான். அவன் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். பட்டணத்துக்குப் போய்க் கடைசியாக வருகிறான். அடுத்த தடவை தொடக்கத்திலேயே வேகமாக ஓடி, பாதியில் வாந்தி எடுக்கிறான். இன்னொரு தடவை ஆணி குத்திய காலோடு ஓடி நடுவிலேயே நிற்கிறான். உயரமான ஒருவன் ஒவ்வொரு தடவையும் அவனைத் தாண்டிப் போகிறான், திரும்பிக்கூடப் பார்க்காமல். கடைசிப் பந்தயத்தில் நம்மவன் அந்த உயரமானவனை நெருங்கிவிடுகிறான். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே கால் பிடித்துக்கொண்டு விழுகிறான். புத்தகம் அத்தோடு முடிந்துவிடுகிறது. அவன் வாயருகே பேச்சுக்கான குமிழ் ஒன்று, அதற்குள் ஒற்றை வரி. அடுத்த பாகம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

குமிழ்களுக்குப் பேச்சுக் கொடுத்தது ராத்தா. உயரமானவனுக்குத் தன் மைத்துனரின் குரல், பயிற்சி கொடுப்பவருக்குப் பெரிய டாக்டரின் குரல். மிஸ்ஸிகூட ஊசித் தட்டோடு நின்று கேட்டுவிட்டுப் போவார். தமிழ் அதிகம் தெரியாத அந்தத் தாதிக்கு, விழுகிற இடம் மட்டும் நன்றாகப் புரிந்தது. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ராத்தா நாளுக்கொரு பேச்சு வைப்பார். ஒருநாள் "உம்மா, பசிக்குது" என்பான். ஒருநாள் "இந்தச் சப்பாத்து சரியில்ல" என்பான். நாங்கள் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

அம்மாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. "தோக்கிறதுக்குன்னே ஒருத்தனா? நம்ம படத்துலன்னா இந்நேரம் பத்துப் பேர அடிச்சிருப்பான்," என்றாள்.

"அந்தப் படமெல்லாம் நானும் பாத்தனான் அம்மா," என்றார் ராத்தா. "கொட்டகைய விட்டு வெளிய வந்ததும் அவனுக்கு என்னைத் தேவையில்ல. இவனுக்குத் தேவை. பொத்தகத்த மூடினாலும் அங்கேயே கெடக்கிறான்."

எனக்கு மருந்து வேலை செய்தது. சளி சுத்தமானது, எடை கூடியது. அப்போதுதான் தலை சுற்றத் தொடங்கியது. சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. காதில் சில்வண்டு வந்து உட்கார்ந்ததும் அந்த நாட்களில்தான். ஊசி மருந்து காது நரம்பைத் தொட்டுவிட்டது, சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தினார்கள். அடுத்த சோதனையில் சளியில் மறுபடி கிருமி.

"மருந்தை மாத்திறம்," என்றார். "திரும்ப முதலிலையிருந்து தொடங்கவேணும். மனதைத் தளரவிடாதையும்."

அன்று நான் சாப்பிடவில்லை. குழி மூடிக்கொண்டு வருகிறது என்று நம்பியிருந்தேன். வீட்டுக்குப் போனதும் முதலில் குமுதாவைப் போய்ப் பார்ப்பது, வாசலில் நின்றாவது பார்ப்பது என்று நினைத்து வைத்திருந்தேன். ராத்தா புத்தகத்தை எடுத்ததும், "இன்னைக்கு அந்தப் பக்கத்துலருந்து சொல்லுங்க ராத்தா," என்றேன். "தப்பான பக்கத்துலருந்தே சொல்லுங்க. அவன் எழும்பட்டும்."

அவர் மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டினார். பையன் எழுந்தான். குத்திய ஆணி காலை விட்டுப் போனது. குத்திய ஆணி காலை விட்டுப் போனது. தோற்ற ஓட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் ஒரு வீட்டு வாசலில், காலில் புதுச் சப்பாத்தோடு, எங்கும் அழுக்குப் படாமல் நின்றான்.

ராத்தா அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "இப்ப செல்லு. இந்தப் பொடியன் யாரு?"

நான் பார்த்தேன். சப்பை மூக்கு, குத்திட்ட முடி. யாரோ ஒரு பையன். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

"தெரியல ராத்தா."

"எனக்கும் தெரியா. உழுந்ததுக்குப் பொறகுதான் இவன் யாரெண்டு எனக்கு வெளங்கின." புத்தகத்தை மூடி என் தலையணைக்குக் கீழே வைத்தார். "சோறு ஆறிப்போய் ஈக்கி. சாப்புடு."

புது மாத்திரைகள் வயிற்றைப் புரட்டின. ஆனால் இருமல் குறைந்தது. என் சளி தெளிந்துகொண்டு வந்தபோது ராத்தாவின் முகம் மெலிந்துகொண்டு வந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் குழி. கொழும்புப் பக்கம் பெரிய நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகப் பேச்சு இருந்தது.

அது ஒரு மத்தியானம். நோயாளிகளைப் பார்க்க வருபவர்களுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. ராத்தா தலையணையில் சாய்ந்துகொண்டு எனக்காகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கம்மிப்போயிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பையன் விழுந்தான். இன்றைக்கு என்ன சொல்லப்போகிறான் என்று நான் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

"கொஞ்சம் இரிங்க," என்றார் ராத்தா, பையனின் குரலில். "நான் இன்னும் முடிக்கல்ல."

பிறகு இருமினார். வாயைப் பொத்திய கைக்கு மேலாக ரத்தம் வந்தது. நூல் போல அல்ல, குடம் சரிந்தது போல. குழியின் ஓரத்தில் இருந்த ரத்தக்குழாய் ஒன்று அறுந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் கத்தியது எனக்கு நினைவில்லை, கத்தியதாக மிஸ்ஸி சொன்னார். ஓடி வந்தார்கள், மறைப்புத் தட்டியை இழுத்தார்கள். தட்டிக்குக் கீழே கால்கள் அவசரமாகப் போய் வந்தன. பிறகு மெதுவாகப் போய் வந்தன.

கதவு திறந்ததும் அவருடைய கணவர் வந்தார். கையில் சாப்பாட்டு அடுக்கு. தட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எல்லாம் சொல்லி முடிந்து, அவரை வெளியே அழைத்துப்போய்த் திரும்பக் கூட்டி வந்த பிறகு, என் கட்டிலருகே வந்தார். அடுக்கு இன்னும் கையிலேயே இருந்தது.

"நீங்கதானே தங்கச்சி பக்கத்துல இருந்த?"

"ஆமாங்க."

"கடைசியா என்ன சென்னா?"

"கொஞ்சம் இருங்க, நான் இன்னும் முடிக்கலன்னு சொன்னாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவள் அப்பிடித்தான்," என்றார். "நான் கடைய அடைச்சிட்டு வீட்டுக்கு வந்தா, சோறு போட முன்னம் அதைத்தான் செல்லுற." அடுக்கை என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது புத்தகத்துப் பையன் பேசிய பேச்சு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் நிச்சயமில்லை. அன்று அது பையனின் பேச்சா, ராத்தாவின் பேச்சா? என் காதுக்குள் அந்த வரி பையனின் முகத்தோடும் ராத்தாவின் குரலோடும் வருகிறது. பிரித்தெடுக்க முடியவில்லை.

புத்தகத்தில் ரத்தம் பட்டிருந்தது. விரிப்புகளோடு சேர்த்து அதையும் எரித்துவிட்டார்கள். கொழும்புக்குப் போகும்போது இப்போதெல்லாம் பெரிய புத்தகக் கடைகளில் மங்காக்கள் அடுக்கியிருப்பதைப் பார்க்கிறேன். ஒரு கதையே பாகம் பாகமாகப் போகிறது. அந்தப் பையனும் அடுத்த பாகத்தில் எழுந்திருப்பான், எங்காவது ஜெயித்தும் இருப்பான். தேடிப் பார்க்கக் கை போவதில்லை. ராத்தாவுக்குத் தெரியாத பாகம் எனக்கு எதற்கு?

நான் குணமானேன். சளி தொடர்ந்து சுத்தமாக இருந்தது. படத்தில் குழி சுருங்கி ஒரு தழும்பாக நின்றது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம், யாருக்கும் இனிப் பரவாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். பிள்ளைக்காம்பராவில் என்னைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மலையில் களை பிடுங்கும் வேலை தந்தார்கள். குமுதா வீட்டு வாசலுக்கு நான் போகவில்லை. தண்ணீர்ப் பீலியில் பார்வதி நின்றால் அவள் போகும்வரை குடத்தோடு தள்ளி நிற்பேன்.

பிறகு பார்வதி குடும்பத்துக்கு இந்தியா போகத் தேதி வந்தது. இந்தியக் குடியுரிமை கொடுத்த தோட்டக் குடும்பங்களை இரண்டு அரசாங்கமும் பேசி அங்கே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பதுளை ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் ஏறுவார்கள். வழியனுப்ப லயமே போனது. அழுகைச் சத்தத்தில் மேடையில் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு தூணோரமாக நின்றேன்.

பார்வதி என்னைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் குமுதா. பெட்டியும் மூட்டையுமாக அவள் புருஷன் உள்ளே இடம் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"என்னா அக்கா, இங்கயே நிக்கிறீங்க?"

"மருந்து இன்னும் முடியலியே பார்வதி. அங்க போனதும் ஆஸ்பத்திரியில காட்டணும். பாதியில நிறுத்திடக் கூடாது," என்றேன்.

"தெரியும் அக்கா. சீட்டெல்லாம் தந்திருக்காங்க." பிறகு கையை நீட்டினாள். "செத்த வாங்கிக்கங்க. நான் ஏறி உக்காந்துக்கிறேன். ஜன்னல் வழியா குடுங்க."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்வதி அவர்களைப் பார்க்கவில்லை. பிள்ளையை என் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

குமுதா வளர்ந்திருந்தாள், கனத்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சும்மா என் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பழக்கத்திலோ, களைப்பிலோ, தோளில் சாய்ந்து மூக்கைக் கழுத்தில் வைத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் என் பையிலேயே இருந்தது. இருந்தும் முகத்தை மறுபக்கம் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்படியே ஜன்னல்வரை நடந்தேன். பார்வதியின் கைகள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டன. "வர்றோம் அக்கா," என்றாள்.

ரயில் நகர்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன். அழுகைச் சத்தத்துக்கு நடுவில், போகிற பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை இருமியது கேட்டது. எஞ்சின் புகையாக இருக்கலாம். அந்தப் பெட்டியில் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள்.